வெர்ஜீனியாப் பக்கத்து நாற்காலி

"மாசம் மூவாயிரத்து அறுநூறு உன் கைக்கு வராதுன்னா நான் கையெழுத்துப் போட்டுடுறேன். நாலு மணிக்குள்ள சொல்லு. ஷெர்ரி பேனாவும் கையுமா நிக்கிறா."

மனைவி லொரீன் அனுப்பிய இந்தச் செய்தியை ஹார்லன் ஸ்டாலர்ட் ஏழாவது முறையாகப் படித்தார். எத்தனை முறை படித்தாலும் அதில் நாலு மணி நாலு மணியாகவே இருந்தது.

கையெழுத்து என்றால், முதியோர் இல்லத்தில் இன்னும் ஒரு வருடம் முழுநேர வேலைக்குச் சம்மதம். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களைத் தூக்கித் தூக்கி லொரீனின் முதுகு போய்விட்டது. காலையில் அவளுக்குக் காலணி மாட்டிவிட ஹார்லன்தான் குனிகிறார். அவருடைய சம்பளம் கொஞ்சம் ஏறினால் அவள் அரைநாள் வேலைக்கு மாறிக்கொள்ளலாம். ஷெர்ரி அவளுடைய மேலதிகாரி. வருடத்துக்கு ஒரு நாள்தான் கேட்பாள். அந்த நாள் இன்று.

ஏறத்தான் போகிறது என்று நேற்றுவரை இருந்தது. மெத்தைக்கடை முதலாளி வெர்னன் டகிள் அவரை மேனேஜர் ஆக்குவதாகச் சொல்லிவிட்டார். வருடத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் டாலர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் ஹார்லன் போனில் ஒரு வரிக் கணக்குப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தார். முதலில் பழைய சம்பளத்தைப் போட்டுச் சோதித்தார். கணக்கு காட்டிய தொகை, வங்கிக்கு வருவதைவிட நூற்றெண்பது டாலர் கூடுதலாக இருந்தது. அவர் அசரவில்லை. அந்தத் துண்டு வித்தியாசத்தை மருத்துவ இன்சூரன்ஸ் தலையில் கட்டிவிட்டார். புரியாத பிடித்தத்துக்கெல்லாம் இன்சூரன்ஸ்தானே குப்பைத்தொட்டி. பிறகு புதுச் சம்பளம், அதில் மத்திய அரசின் வரி, ஓய்வுகாலப் பிடித்தம், அந்த இன்சூரன்ஸ், எல்லாம் போக மாதம் மூவாயிரத்து அறுநூற்று நாற்பது. லொரீன் அன்று இரண்டு வருடத்துக்குப் பிறகு சமையலறையில் பாடினாள்.

இன்று காலை பத்து மணிக்கு வெர்னன் ஒரு சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"புது ஷோரூம் சாவி. எதிர்ச்சாரி. திங்கக்கிழமையிலருந்து உன் நாற்காலி அங்க."

"எதிர்ச்சாரியா?"

"ஆமா. வெர்ஜீனியாப் பக்கம்."



அவர்களுடைய பிரிஸ்டல், அமெரிக்காவின் இரண்டு மாநிலத்துக்குப் பிறந்த ஊர். ஸ்டேட் தெருவின் நடுவே எல்லைக்கோடாகப் பித்தளைத் தகடுகள் பதித்திருக்கின்றன. தெற்கே டென்னசி, வடக்கே வெர்ஜீனியா. டென்னசி சம்பளத்துக்கு வரி கேட்பதில்லை; வெர்ஜீனியா கேட்கும், விடாமல் கேட்கும். வடக்கே மூன்று தெரு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து காப்பிக் குவளையோடு நடந்துவந்து, தகட்டைத் தாண்டி, டென்னசியில் சம்பாதித்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிப் போவதில் ஹார்லனுக்குப் பதினோரு வருடப் பெருமை. "லொரீன் வெர்ஜீனியாவுல வேலை பாக்குறா, வரி அழுவுறா. நான் ரோட்டைத் தாண்டுறேன், தப்பிச்சேன்" என்று முடிவெட்டும் கடையில் அவர் சொல்லாத வாரம் கிடையாது. சம்பளச் சீட்டு உறையை அவர் பிரித்ததும் கிடையாது. பிப்ரவரியில் எல்லா உறைகளையும் ஒரு பையில் போட்டு வரிக் கணக்கு எழுதித் தரும் கடையில் கொடுப்பார், காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவார், திரும்பி வருகிற பணத்தில் தூண்டில் வாங்குவார்.

இப்போது அவர் போனை எடுத்தார். மாநிலம் என்ற கட்டத்தில் டென்னசியை அழித்துவிட்டு வெர்ஜீனியாவைத் தட்டினார். மூவாயிரத்து நானூற்று முப்பது.

லொரீன் கேட்ட மூவாயிரத்து அறுநூறுக்கு நூற்று எழுபது குறைகிறது.

"என்ன, எழவு வீட்டு முகமா இருக்கு?" என்றாள் டிரிஷ். மெத்தை ஏற்றும் வண்டியை ஓட்டுகிறவள் அவள்தான். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"ஓபல்கிட்ட கேளு. சம்பளம் போடுறவளுக்குத் தெரியாததா?"

கணக்கெழுதும் ஓபல் ஃப்ளீனர் வியாழக்கிழமை மட்டும் வருவாள். அதுவும் வேறு மூன்று கடைக் கணக்கை முடித்துவிட்டு, நாலு மணிக்கு. ஹார்லன் அவளை மூன்று முறை கூப்பிட்டார். அவள் போன் எப்போதும்போல் கைப்பையின் அடியில் கிடந்திருக்க வேண்டும்.

"வெர்னன்கிட்டயாவது சொல்லேன்."

"மேனேஜர் ஆக்குன அன்னைக்கே துண்டு விழுதுன்னு போய் நிக்கச் சொல்றியா? நன்றி கெட்டவன்னு நினைப்பாரு."

அதனால் ஹார்லன் காரணத்தை விழுங்கிவிட்டுக் காரியத்தை மட்டும் கேட்கப் போனார். அங்கேதான் வினை பிடித்தது.

"வெர்னன், என் நாற்காலி மட்டும் இந்தப் பக்கமே இருந்துட்டுப் போகட்டுமே?"

"இந்தக் கடையைத்தான் கிட்டார் விக்கிறவனுக்கு வாடகைக்கு விட்டாச்சே. பின்னால கிடங்கு மட்டும்தான் நம்மகிட்ட இருக்கும்."

"கிடங்கு போதும்."

"மேனேஜர் கிடங்குல உக்காந்தா அங்க மெத்தையை யாரு விப்பா, பேயா?"

"ஜன்னல் வழியா பாத்துக்குவேன். யாராவது உள்ள நுழைஞ்சா ஓடிப் போயிடுவேன். என்கிட்ட பைனாகுலர் இருக்கு."

"நான் உன்னை மெத்தை விக்கக் கூப்பிட்டேனா, மான் வேட்டைக்குக் கூப்பிட்டேனா?"

வெர்னன் சிரிக்கவில்லை. சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற மனிதர். யாராவது எதையாவது மறைத்தால் அவருக்கு மூக்கில் வேர்க்கும். ஹார்லனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

மணி ஒன்று. சாண்ட்விச் அப்படியே இருந்தது.

ஹார்லனுக்கு இன்னொரு வழி தோன்றியது. மத்திய அரசு வரியை எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சொல்லும் படிவம் ஓபலின் மேசை இழுப்பறையில் இருந்தது. சம்பாதிக்கிறவனை நம்பி எத்தனை பிள்ளைகள் என்று அதில் ஒரு கட்டம். பிள்ளை கூடினால் பிடித்தம் குறையும். பிள்ளை இல்லாத ஹார்லன் அந்தக் கட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்கான தொகையை எழுதினார். கணக்குப் பக்கத்தில் கைக்கு வரும் பணம் மூவாயிரத்து அறுநூறைத் தாண்டிக் குதித்தது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

டிரிஷ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "உனக்கு ஏது ரெண்டு பிள்ளை?"

"டியூக், பிஸ்கட்."

"அதுங்க நாய்!"

"சோறு போடுறேன்ல?"

"என் மச்சானும் இப்படித்தான் புள்ளைக்கணக்கு எழுதுனான். ஏப்ரல்ல வட்டியோட கேட்டாங்க. படகை வித்தான். இப்ப பாலத்துல நின்னு மீன் பிடிக்கிறான்."

ஹார்லன் படிவத்தைக் கிழிக்கத் திரும்பினார். அது வெர்னன் கையில் இருந்தது.

"ரெண்டு பிள்ளையா?" வெர்னனின் குரல் இறங்கியிருந்தது. "ஹார்லன், இது லொரீனுக்குத் தெரியுமா?"

"ஐயோ, அது பிள்ளைங்க இல்ல, நாய்ங்க!"

"பெத்ததுகளைப் போய் நாய்ங்கிறியே, நீ மனுஷனா? இப்பப் புரியுது. டென்னசிப் பக்கத்தை விட்டு வரமாட்டேன்னு நீ ஏன் துடிக்கிறேன்னு."

"வெர்னன், சத்தியமா..."

"கிடங்கு ஜன்னலு, பைனாகுலரு. எந்த வீட்டைப் பாக்குறதுக்கு?"

டிரிஷ் வாயைப் பொத்திக்கொண்டு மெத்தைகளுக்குப் பின்னால் போய்விட்டாள். உதவ வேண்டிய நேரத்தில் சிரிப்பு வருகிறவர்களை என்ன சொல்வது?

இரண்டே முக்காலுக்கு ஹார்லன் முதலாளியின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். சுற்றி வளைத்ததெல்லாம் போதும், நேராகக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். நேராகக் கேட்க வேண்டிய காலை பத்து மணி போய் ஐந்து மணி நேரம் ஆகப் போகிறது என்பது மட்டும்தான் கோளாறு.

"எனக்கு வருஷத்துக்கு இன்னும் மூவாயிரம் வேணும்."

"எதுக்கு?"

"வீட்டுச் செலவு."

"எந்த வீட்டுச் செலவு?"

ஹார்லன் வரியைப் பற்றிச் சொன்னார். லொரீனின் முதுகைப் பற்றிச் சொன்னார். பித்தளைத் தகட்டைப் பற்றிக்கூடச் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் மாட்டிக்கொண்ட பிறகு சொல்கிற உண்மைக்குப் பொய்யின் முகம்தான் இருக்கிறது. வெர்னன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டு முடித்தார்.

"காலையில நாற்காலியை மாத்தாதேன்னே. மத்தியானம் படிவத்தை மாத்துனே. இப்ப சம்பளத்தை மாத்துங்கிறே. உனக்கு இந்த வேலை வேணாம், அதைச் சொல்லத்தான் வாய் வரலை."

"அப்படி இல்ல..."

"பக்கத்துக் கடை ராண்டி ஐம்பத்தாறாயிரத்துக்கே வரேன்கிறான். அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். உன்னை நான் வெளியே தள்ளலை, பதினோரு வருஷம் இருந்திருக்கே. பழைய சம்பளம், பழைய வேலை. நீ கேட்ட மாதிரி கிடங்கு. டென்னசிப் பக்கம்."

சாவிக்கொத்து மேசைக்குத் திரும்பிப் போனது.

மூன்று ஐம்பதுக்கு ஹார்லன் கிடங்கில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை ஒன்றின்மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டுடு" என்று ஒரே வார்த்தை தட்டினார். அனுப்பும் பொத்தானை அழுத்த ஆறு நிமிடம் பிடித்தது.

பதில் உடனே வந்தது. "சரி. வர்றப்ப முதுகுக்கு ஐஸ் பை வாங்கிட்டு வா."

ஒரு கோபமும் இல்லாத அந்தப் பதில்தான் அவரை அதிகம் சுட்டது. ஆனாலும் மனிதன் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமே. வெர்ஜீனியாவுக்கு ஒரு பைசா கொடுக்காமல் தப்பித்தோம் என்பதைப் பிடித்துக்கொண்டார்.

நாலு அடித்து ஐந்து நிமிடத்தில் ஓபல் ஃப்ளீனர் வந்தாள். அறுபத்தெட்டு வயது, பெப்பர்மிண்ட் மிட்டாய் வாசனை, கையில் சம்பள உறைகள்.

"என்ன கண்ணு, மூணு தடவை கூப்பிட்டிருக்கே? ஏதோ வேலை மாறுதுன்னாங்களே."

"மாறலை ஓபல். திங்கக்கிழமையிலருந்து நாற்காலியைத் தெருவுக்கு அந்தப் பக்கம் போடச் சொன்னாங்க. வேண்டாம்னு ஆயிடுச்சு. நல்லதுதான். அங்க போனா மாசம் இருநூத்திப் பத்து டாலர் வெர்ஜீனியா வரி பிடிப்பீங்கல்ல?"

ஓபல் கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். அவருடைய உறையைத் தானே பிரித்து, சீட்டை நீட்டி, நடுவில் நூற்றெண்பது டாலர் என்றிருந்த ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"கண்ணு, வரிக்காரன் உன் நாற்காலியைப் பாக்கல, நீ ராத்திரி படுக்கிற கட்டிலைப் பாக்குறான், உன் கட்டில் வெர்ஜீனியாவுலதானே கிடக்கு, பதினோரு வருஷமா அந்த வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உனக்கு மிச்சத்தைக் கொடுத்துட்டு வரேன்."