அம்மாவின் ருபார்பும் மூன்று நாள் லீவும்

சாஸ்கட்டூன்,
உன் வீட்டு வாசல்படி,
ஆகஸ்ட் லீவு, திங்கள் மதியம்.

அன்புள்ள மைரன் அண்ணாவுக்கு,

உன் தங்கை லரிசா எழுதுவது. நானும் வெண்டலும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று உன் பூட்டிய கதவைப் பார்த்து ஊகிக்கிறேன். புல் ஒழுங்காக வெட்டியிருக்கிறது. உடம்பு முடியாதவர்கள் புல் வெட்டுவதில்லை.

நான்கு வருஷமாகப் பேசாத அண்ணன் திடீரென்று, "மூணு நாள் லீவுக்கு வா. அம்மாவோட ருபார்ப் செடியில உன் பங்கைத் தோண்டித் தரேன்" என்று கார்டு போட்டால் மற்றவர்கள் கண்ணீர் விட்டிருப்பார்கள். நான் கையெழுத்து உன்னுடையதுதானா என்று பழைய கார்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். உன்னுடையதுதான். பேசிக்கொள்ளாதவர்களுக்குள் போன் செய்து விவரம் கேட்கும் வழக்கம் இல்லாததால், "வருகிறோம்" என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். கோடைக்கு மலைப்பக்கம் போகிற பயணத்தில் உன் ஊரை நடுவில் சேர்த்து, தண்டர் பேயிலிருந்து காருக்குப் பின்னால் படுக்கை டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் வந்தோம். எதிரே வந்த லாரி ஒரு கல்லைத் தெறிக்கவிட்டு முன்கண்ணாடியில் விரிசல் விழுந்தது. காற்று டிரெய்லரை வயல் பக்கமும் எங்களைச் சாலைப் பக்கமும் இழுத்தது. சனிக்கிழமை மதியம் வந்து மணி அடித்தால் உள்ளே ஈ காக்கை இல்லை.

பக்கத்து வீட்டு எர்னா அம்மாதான் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "யாரும்மா அது, மைரன் தங்கச்சியா? அதானே பார்த்தேன், அதே மூக்கு. அவன் ஏரிக்குப் போயிட்டானே! ஆகஸ்ட் லீவுக்கு ஊர்ல யாரு இருப்பா? நானும் என் பூனையும்தான்." சொல்லிவிட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு சுக்கினிக் காயை என் கையில் திணித்தார். வேண்டாம் என்றேன். இன்னொன்றும் தந்தார்.

வெண்டல் மெதுவாக, "லரி, நாள் ஏதாவது தப்பா இருக்குமோ?" என்றார்.

"கார்டுல மூணு நாள் லீவுன்னு இருக்கு. இன்னிக்கு மூணு நாள் லீவு. இதுல தப்பு எங்கிருந்து வரும்?"

என்னோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்த அனுபவத்தில் அவர் சுக்கினியை வாங்கிக்கொண்டு டிரெய்லருக்குள் போனார்.

ஊரில் பந்துப் போட்டி என்று விடுதிகளில் ஓர் அறைகூட இல்லை. உன் வீட்டு முன்னாலேயே டிரெய்லரை நிறுத்திப் படுத்தோம். மாலையில் ஆலங்கட்டி கொட்டி, டிரெய்லர் கூரையை யாரோ நூறு பேர் சுத்தியலால் தட்டுவதுபோல இருந்தது. மழை விட்டதும் கொசு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ரொட்டி வாங்கப் போனால் கடை மூடல், அடுத்த கடையும் மூடல், திறந்திருந்த ஒரே இடத்தில் மீன் தூண்டில்தான் விற்றார்கள். ஆகவே சுக்கினியை வறுத்தும், அவித்தும், கடைசியில் பச்சையாகவும் தின்றோம். அன்று மாலை, என் வாழ்க்கையில் நான் எளிதில் செய்யாத காரியம், கௌரவத்தை விழுங்கி உனக்குப் போன் செய்தேன். உன் சமையலறைக்குள் மணி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தேன், போன் மேஜைமேல் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது. நான் புள்ளியியல் படித்தவள், ஆதாரம் இல்லாமல் எதையும் முடிவு செய்ய மாட்டேன். வரச் சொன்னவன் புல்லை வெட்டி, கதவைப் பூட்டி, போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்றால் அதற்குப் பெயர் மறதி இல்லை, ஓட்டம்.

நான்கு வருஷத்துக்கு முன் அம்மாவின் பண்ணை வீட்டை விற்ற அன்றும் இதைத்தான் செய்தாய். நான் உள்ளே பீங்கான்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருக்க, நீ கொல்லைக்குப் போய், அம்மா புளிப்புத் தண்டை ஒடித்து ஜாம் காய்ச்சிய அந்த ருபார்பை வேரோடு கிளப்பி வண்டியில் ஏற்றிவிட்டாய். பாதி எனக்கு என்றதற்கு, "மூணாம் மாடியில எங்க நடுவ, குளியல் தொட்டியிலயா?" என்று சிரித்தாய். போன வருஷம் நாங்கள் தோட்டம் உள்ள வீட்டுக்கு மாறியாகிவிட்டது. சிரிப்பை இப்போது நிறுத்திக்கொள்ளலாம்.

இன்று காலை முடிவெடுத்தேன்: என் பங்கு இல்லாமல் இந்த ஊரைவிட்டு நகர்வதில்லை. எர்னா அம்மாவிடம் மண்வெட்டி கேட்டேன். "எதுக்கும்மா?" "டிரெய்லர் சக்கரத்துக்கு மண்ணு சரி பண்ண." ஐம்பதை நெருங்கும் வயதில் உன்னால் பொய் சொன்னேன், குறித்துக்கொள். உன் கொல்லையில் செடி இரண்டு புதராக இருந்தது. ஒன்று குடை குடையாக இலை விரித்து, தண்டெல்லாம் மணிக்கட்டுப் பருமனில் சிவந்து நின்றது. அதன் அடியில் பெயின்ட் கலக்கும் குச்சி ஒன்றில் 'எல்' என்று எழுதிச் செருகியிருந்தாய். எல் என்றால் லெஃப்ட். அது இடப்பக்கம்தான் இருந்தது. மற்றது மொட்டையடித்த மாதிரி நாலு தண்டோடு நோஞ்சானாக நின்றது. நான் நோஞ்சானைத் தோண்டினேன். கொழுத்ததை உனக்கே விட்டிருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் நியாயம் என்றால் என்ன என்று உனக்கு ஞாபகம் வரட்டும்.

வேர் இப்போது ஈரச் சாக்கில் இருக்கிறது. "இதையும் மலைக்குக் கூட்டிட்டுப் போகணுமா?" என்று வெண்டல் கேட்டார். போகணும் என்றேன்.

நீ பல்லாண்டு நலமாகவும், கொடுத்த வாக்கை நினைவில் வைக்கும் தெளிவோடும் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இனி கார்டு எதிர்பார்க்காத தங்கை,
லரிசா

பி.கு.: மண்வெட்டியைத் திரும்ப வாங்க வந்த எர்னா அம்மா சாக்கைப் பார்த்துவிட்டார். "அடிப்பாவி! உன்னுதை விட்டுட்டு அவனுதையா தோண்டின?" என்றார். 'எல்' லெஃப்ட் என்று விளக்கினேன். "லெஃப்டாவது ரைட்டாவது! 'எல்'லுன்னா லரிசா! நாலு வருஷமா அதுல ஒரு தண்டு ஒடிச்சதில்ல அவன். நான் ஒண்ணு ஒடிக்கப் போயி, 'அது தங்கச்சிது, தொடாதீங்க'ன்னு விரட்டிட்டான். அவன் ஜாமுக்கு இந்தப் பக்கத்தைத்தான் மொட்டையடிப்பான். அது சரி, ஆகஸ்ட் வெயில்ல யாராவது ருபார்பைத் தோண்டுவாங்களா? செப்டம்பர்ல வர மூணு நாள் லீவுக்கு நீ வரேன்னு புது மெத்தையே வாங்கிப் போட்டிருக்கான்!"

கார்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாள் லீவு என்று இருக்கிறது, எந்த மாதத்து லீவு என்று இல்லை. ருபார்ப் தோண்டுகிற லீவு எது என்று அம்மா பெற்ற பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாய்.

வேரைப் பழைய குழியிலேயே நட்டு, ஆறு வாளி தண்ணீர் ஊற்றி, வெயில் படாமல் வெண்டலின் மடக்கு நாற்காலியை மேலே கவிழ்த்து வைத்திருக்கிறோம். அவர் மலையில் நின்றுகொள்வார். மேலே எழுதியதைக் கிழித்திருப்பேன், ஆனால் வேறு தாள் இல்லை, தாள் விற்கிற கடையும் நாளைக்குத்தான் திறக்கும். செப்டம்பர் லீவுக்கு வருகிறோம். உன் செடியின் நாலு தண்டையும் எர்னா அம்மாவின் சர்க்கரையில் ஜாம் ஆக்கி, படியில் இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். ஒன்றில் 'எல்' என்று எழுதியிருக்கிறது. அதைத் தொடாதே.