உதிரத்துக்குச் சமாதானம் சொல்பவர்

பொறுமை பெருங்குணம். பாடவந்த வாயெல்லாம் அதைப் பாடியிருக்கிறது. பழித்த வாய் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பெருங்குணம் கருப்பையைக் காவல் காக்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்று மட்டும் எந்தப் புலவரும் பாடவில்லை. அக்குறையை உரைநடையிலாவது தீர்க்கலாம் என்று துணிந்தேன். அவையோர் பொறுத்தருள்க.

நான் சொல்லவந்த இனத்துக்குச் சமாதானத்தார் என்று பெயர். தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் தெருவில் இருவர் இருப்பார்கள். உங்கள் அலுவலகத்தில் நால்வர். மருத்துவமனை வாசலைத் தாண்டிச் செல்லும் பேருந்தில் இறங்காமல் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர். மாதவிலக்கு ஏழாம் நாளில் நிற்காமல் பதினொன்றாம் நாளும் தொடர்ந்தால், "கெட்ட ரத்தம் கழியுது, நல்லதுதானே" என்பார். மூன்று மாதம் வராமலே போனால், "ரத்தம் வீணாகாம உடம்புலயே நிக்குது, அதுவும் நல்லதுதானே" என்பார். மணிக்கு ஒரு பேட் நனைந்து, கட்டிகட்டியாகப் போய், பத்துப் படி ஏறுவதற்குள் கண் இருண்டால், படிக்கட்டைக் கட்டிய கொத்தனாரைக் குறை சொல்வார். இரண்டு விலக்குக்கு நடுவே கறை கண்டால், முந்தாநாள் நகர்த்திய பீரோவின்மேல் பழி போடுவார். வெள்ளைப்படுதல் என்றும்போல் இராமல் பச்சையோடி, நாற்றமெடுத்து, அரிப்பு உட்காரவும் விடாமல் வாட்டினால், சோப்பை மாற்றுவார். சோப்பு என்ன பாவம் செய்தது?

இத்தனைக்கும் பொதுவாக ஒரு மூலகாரணம் அவர் கைவசம் உண்டு. அதன் பெயர் சூடு. அதிகம் போனாலும் சூடு, போகாவிட்டாலும் சூடு. மழைக்காலத்திலும் சூடு. உலகு அனைத்தும் ஒரே பரம்பொருளில் அடங்கும் என்று ஞானியர் தவமிருந்து கண்டார்கள். இவர் தவமே இல்லாமல் எல்லாவற்றையும் சூட்டில் அடக்கிவிட்டார். ஆண்டவன்மேல் இதில் பாதி நம்பிக்கை வைத்திருந்தால் இந்நேரம் முத்தியே கிட்டியிருக்கும்.

இலக்கணம் சொன்னவர் எடுத்துக்காட்டும் தரக் கடமைப்பட்டவர். தருகிறேன்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில், தைத்து முடித்த சட்டைகளைச் சோதிக்கும் கூடம். வெள்ளை விளக்கின்கீழ் நீண்ட மேசைகள். முதல் மேசையில் ஐம்பத்து நான்கு வயது அம்மையார் ஒருவர். அவருக்கு அங்கே பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். காலரில் ஒரு தையல் தப்பியிருந்தால் கைநீள தூரத்திலேயே கண்டுகொள்வார். கடுகளவு எண்ணெய்க் கறை போதும்; சிவப்பு அம்பு வடிவ ஒட்டுத்தாள் ஒன்றைக் கறையருகே ஒட்டிச் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். முதலாளியே கெஞ்சினாலும் அம்பு அசையாது.

அன்னாருக்கு மாதவிலக்கு நின்று இரண்டாண்டு ஆகியிருந்தது. நின்று ஓராண்டு நிறைந்ததும், மிச்சமிருந்த பேட் பொட்டலங்களை அடுத்த மேசைக்காரியிடம், பதவி ஓய்வு பெறும் அதிகாரி சாவிக்கொத்தை ஒப்படைப்பதுபோல் ஒப்படைத்துவிட்டு, "இனிமே நான் ராணி" என்று அறிவித்தார்.

அந்த ராணிக்கு ஒருநாள் உள்ளாடையில் கறை தென்பட்டது. காசளவுதான். சூடு என்று தீர்ப்பாயிற்று. அடுத்த மாதம் மீண்டும். அதன்பின் இளஞ்சிவப்பாய் நீர்போலக் கசிவு. தீர்ப்பு சற்றே திருத்தப்பட்டது: இளமை திரும்புகிறது! கணவர் மின்பணியாளர், சுவரில் ஒரு பொறி தெறித்தால் மெயினை அணைக்கப் பாய்பவர். மனைவி வெளுத்து வருவதைக் கண்டு, "உடம்புக்கு என்ன?" என்று ஒருமுறை கேட்டார். "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று விடை வந்தது. அவர் தப்பித்தோம் என்று வானொலியைத் திருகினார். சமாதானத்தார் இனத்தில் ஆண்பாலும் உண்டு.

மூன்றாம் மாதம், தொழிற்சாலைக் கழிவறை வாசலில், அடுத்த மேசைக்காரியிடம் ராணி கைநீட்டினார்.

"ஒரு பேட் இருந்தா குடுடி."

"யாருக்குக்கா?"

"பொண்ணுக்கு."

"உங்க பொண்ணு வெளியூர்ல படிக்குது. ஒத்தை பேடை கூரியர்லயா அனுப்பப் போறீங்க?"

"ஏண்டி ஊரைக் கூட்டுற? கொஞ்சம் சூடு. தண்ணி நிறைய குடிச்சா நின்னுடும்."

"எத்தனை நாளா?"

"இப்பதான்... மூணு மாசம் இருக்கும்."

"அக்கா! விலக்கு நின்னு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு பட்டாலும் டாக்டர்கிட்ட காட்டணும்னு, போன மாசம் நர்ஸம்மா வந்து கூடத்துல நின்னு சொன்னாங்களே?"

"அது எல்லாருக்கும் பொதுவா சொன்னது. என்னைப் பாத்தா சொன்னாங்க?"

அடுத்த மேசைக்காரி மேற்கொண்டு வாதாடவில்லை. மேலங்கிப் பையிலிருந்து சிவப்பு அம்பு ஒன்றை உரித்தாள். அக்காவின் மேலங்கியில், சரியாக அடிவயிற்றின்மேல், ஒட்டினாள்.

"என்னடி பண்ற?"

"நம்ம கை பட்ட துணியை நாமளே பாஸ் பண்ணக்கூடாது, அடுத்த மேசைதான் கையெழுத்துப் போடணும். வேலைக்குச் சேந்த அன்னிக்கு நீங்கதான் எனக்குப் பாடம் எடுத்தீங்க. உங்க உடம்பை மட்டும் மூணு மாசமா நீங்களே பாஸ் பண்ணிட்டு இருக்கீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன். நடங்க, டாக்டர் பாக்கட்டும்."

கடவுளோடும் வழக்காடும் அம்மையார் அந்த விதியோடு மட்டும் ஒருநாளும் வழக்காடியதில்லை.  அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, மேலங்கியைக் கழற்றவும் மறந்து, அம்போடே மருத்துவமனையில் போய் அமர்ந்தார். பெண் மருத்துவர் அம்பைப் பார்த்தார். "நல்லது. எந்த இடம்னு நான் கேக்க வேண்டியதில்லை" என்றார்.

ஸ்கேனில் கருப்பையின் உட்சுவர் இருக்கவேண்டிய அளவைவிடத் தடித்திருந்தது. துளித் திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். "பத்துல ஒன்பது பேருக்குப் பெரிசா ஒண்ணும் இருக்காதும்மா. பத்தாவது ஆள் யாருன்னு பாத்தாதானே தெரியும்?" என்றார் மருத்துவர்.

பத்து நாள் காத்திருப்பு. அந்தப் பத்து நாளும் அம்மையார் சூடு என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. கணவர் வானொலியைத் தொடவில்லை.

முடிவு வந்தது. புற்று இல்லை; ஆனால் உயிரணுக்கள் சில அந்தத் திசைக்கு முகம் திருப்பி நின்றன. கருப்பையை எடுத்துவிடுவதே தக்கது என்றார் மருத்துவர். "இன்னும் ஒரு வருஷம் தண்ணி குடிச்சுப் பாத்திருந்தீங்கன்னா, நான் வேற மாதிரி பேசிட்டு இருந்திருப்பேன்."

அறுவை நலமே முடிந்தது. திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். மறுநாள் காலை மருத்துவர் வந்து, "வலி இருக்காம்மா?" என்று கேட்டபோது அவர் சொன்ன விடையை அப்படியே தருகிறேன்: "இருக்கு டாக்டர். ஆனா அது ஆபரேஷனால இல்ல. உங்க மெத்தை சரியில்ல."

சிரிக்கிறீர்கள், அம்மணி. நல்லது. ஆனால் சிரித்துக்கொண்டே விரல் மடக்கி ஏதோ நாள் எண்ணுகிறீர்களே, அது என்ன கணக்கு? பத்து விரலும் தீர்ந்தபின் எந்த விரலுக்குப் போவதாக உத்தேசம்? ஐயா, நீங்களும் இந்தப் பக்கம் பெண்களுக்குரியது என்று நாசூக்காகப் புரட்ட வேண்டாம். உங்கள் வீட்டுக் கேள்வியை நீங்கள் எத்தனை முறை கேட்டீர்கள்? ஒருமுறைதானே?

அம்மையார் இல்லம் வாழ்க. அங்கே அடுப்பும் விளக்கும் அணையாதிருக்க. வெளியூர் மகள் கேட்கத் தயங்காமலும், தாய் சொல்லக் கூசாமலும் இருக்க. கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அவ்வீட்டுத் தலைவர் மீண்டும் மீண்டும் கேட்க. ஐம்பத்து நான்கு நூறாகி, நூறாம் ஆண்டிலும் மெத்தையைக் குறை சொல்லும் அந்தக் குரல் அம்மனையில் ஓயாது ஒலிக்க, எல்லாம் வல்ல இறை அருள்க.