நெற்றியில் பிடித்த பனி

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் சின்னையா அவர்களுக்கு,

ஜெலுத்தோங்கிலிருந்து பெரியகருப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். என்னைத் தவிர வீட்டில் வேறு யாரும் இல்லாததால் மற்றவர்களின் நலத்தை நீங்கள்தான் அங்கிருந்து எழுத வேண்டும். குறிப்பாக, ஒன்பது நாட்களுக்கு முன் பெட்டியோடு சிம்பாங் அம்பாட்டில் வந்து இறங்கிய உங்கள் தங்கை மீனாட்சியின் நலத்தை. வாட்ஸ்அப்பிலேயே கேட்டிருப்பேன். ஆனால் உங்கள் போனை அவள்தான் எடுத்துப் படிக்கிறாள் போலிருக்கிறது. நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. ஆகவே தபால்தலை ஒட்டி எழுதுகிறேன்.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். "பொம்மை வீட்டுக்கு மாவைப் பூசி என் மானத்தை வாங்கிட்டாருண்ணே" என்றிருப்பாள். அது மாவு அல்ல. நடந்தது இதுதான்.

கனடாவில் இருக்கும் எங்கள் மகள் காமினிக்கு ஜனவரியில் பிரசவம் என்பது நீங்கள் அறிந்ததே. இரண்டு பேரும் போகலாம் என்றாள் மீனாட்சி. யோசிக்கலாம் என்றேன் நான். முப்பது வருடம் பாயான் பாரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவன், ஒரு இயந்திரத்தில் எதெல்லாம் கழன்று விழும் என்று அறிந்தவன், ஒரு நாள் முழுக்க ஆகாயத்தில் உட்கார யோசிக்கத்தானே செய்வேன்? "பேரப்பிள்ளைய கையில தூக்கணும், அந்த ஸ்னோவையும் ஒரு தடவ பாத்துடணுங்க" என்றாள். பேரப்பிள்ளையை வீடியோவில் பார்க்கலாம், பனிக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். மச்சான், அதை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

காமினி அனுப்பிய போட்டோவைப் பார்த்து அவள் வீட்டை ஜெலுத்தோங் மரத்தில் செதுக்கினேன். எங்கள் பேட்டையின் பெயரையே கொண்ட மரம், உளிக்கு வெண்ணெய் மாதிரி வழிவிடும். ஒன்றரை அடி உயரம், கூம்பான கூரை, புகைபோக்கி, வாசலில் மாப்பிள்ளையின் கார்கூட உண்டு. மீனாட்சியின் அறுபதாவது பிறந்த நாளுக்குக் கொடுப்பதாகத் திட்டம். பனி மட்டும்தான் பாக்கி. யூடியூபில் சொல்லித்தரும் வெள்ளைக்காரருக்கு ஒரு சிரமமும் இல்லை; சந்தேகம் வந்தால் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்கிறார். என் சன்னலுக்கு வெளியே கோப்பிக் கடைதான் தெரிகிறது. ஆகவே எங்கள் ஐஸ்பெட்டியின் மேல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பனி எங்கே தடித்து நிற்கிறது, ஓரத்தில் எப்படி வளைந்து தொங்குகிறது என்று நாற்பது நிமிடம் குறிப்பெடுத்தேன். குறிப்பு நன்றாக வந்தது. மீன் கெட்டுப்போனது. பிறகு அவர் சொன்னபடி சமையல் சோடாவைப் பசையில் குழைத்துப் பூசினேன். நம் ஊர் ஈரத்தில் அது இரண்டே நாளில் மஞ்சளாகி, கூரையில் யாரோ சாம்பார் கொட்டியது போல ஆனது. அரிசி மாவு போட்டேன், எறும்பு வந்தது. முகப்பவுடர் போட்டேன், ஒரு தும்மலில் கூரை காலி. கடைசியில் சாமி அறையில் அவள் பழனியிலிருந்து கொண்டுவந்த திருநீறு மூன்று பொட்டலம் கண்ணில் பட்டது. நல்ல வெண்மை, மென்மை, எறும்பு தொடாது. மினுமினுப்புக்கு மின்னும் தூள் ஒரு கரண்டி சேர்த்தேன். பசைக்கு ஹார்ட்வேர் கடைக்காரர் படகு ஓட்டை அடைக்கும் சாமானைக் கொடுத்தார். "மழையிலகூட போகாது அங்கிள், ஆனா சூடு பட்டாதான் பிடிக்கும்லா" என்றார். பின்பாதியை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

பிறந்த நாளன்று விடாத மழை. கூரையில் பனி காயவில்லை, ஆனால் பார்ப்பதற்கு அப்படியே கனடா. பெருமையாகக் கூடத்தில் அலமாரி மேல், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். முதலில் வந்தவர் கோயில் மகளிர் குழுத் தலைவி ஜெயலெட்சுமி அக்கா. கூம்பைப் பார்த்தார், வெள்ளையைப் பார்த்தார், செருப்பு வெளியேதானே இருக்கிறது என்று ஒருமுறை காலைப் பார்த்துக்கொண்டார், மூன்று விரலால் கூரையை வழித்து நெற்றியில் இழுத்துக்கொண்டார். "எந்த ஊருக் கோயிலு தம்பி? கோபுரம் ஒரு மாதிரியா இருக்கே" என்று கேட்டபடியே என் நெற்றியிலும் பூசிவிட்டார். திருநீறு வைக்க வரும் கையை எவனாவது தட்டிவிடுவானா? அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கேள்விகூடக் கேட்கவில்லை, வரிசையில் நின்றார்கள். மொத்தம் பதினெட்டுப் பேர். ஒருவர் மாப்பிள்ளையின் காரை மூஞ்சூறு என்று எண்ணித் தொட்டுக் கும்பிட்டார். யாரோ புகைபோக்கியில் ஊதுபத்தி செருகினார்கள். உள்ளதைச் சொன்னால் அது பொருத்தமாகத்தான் இருந்தது. கேக் வெட்டுவதற்குள் கனடாவில் கோடைகாலம் வந்துவிட்டது.

மரத்தில் பிடிக்காத பசை மனித நெற்றியின் சூட்டில் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து போன் வந்தபடி இருந்தது. சோப்புக்குப் போகவில்லை, எலுமிச்சைக்கும் போகவில்லை. ஜுருவில் கார் விற்கும் ஒருவர் மினுங்கும் நெற்றியோடு வேலைக்குப் போய் அன்று இரண்டு கார் விற்றாராம், அவர் மட்டும் கோபப்படவில்லை. மீனாட்சி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். "நான் ஸ்னோ கேக்கலீங்க. நீங்க கூட வரணும்னுதான் கேட்டேன்" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மச்சான், வீடு வீடாக இல்லை. ஐஸ்பெட்டியைத் திறந்தால் அவள் ஞாபகம் வருகிறது, மீன் வாடையும் வருகிறது. தனியாகச் சாப்பிட உட்கார்ந்தாலும் கை இரண்டு தட்டு எடுத்து வைத்துவிடுகிறது. ஆனாலும் நியாயம் என் பக்கம்தான். திருநீறு ஒரு சிட்டிகைகூடக் கீழே சிந்தவில்லை, எல்லாம் சேர வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆகவே பெரியவராகிய நீங்கள் எடுத்துச் சொல்லி, கனடாப் பேச்சை விட்டுவிட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் அவளை அனுப்பிவைக்க வேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் நான் விமானம் ஏற மாட்டேன் என்பதில் மாற்றமில்லை.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லவும். நெற்றி நிறையத் திருநீறோடு நீங்கள் நீடூழி வாழ வேண்டும் என்று வழக்கமாக எழுதுவேன். இந்த முறை நீடூழி வாழுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
பெரியகருப்பன்

பி.கு.: உறையை ஒட்டாமல் வைத்திருந்ததில் இன்று செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. நேற்று பாஸ்போர்ட் எடுக்கப் போயிருந்தேன். ஏன் என்று கேட்க வேண்டாம். படம் எடுத்த ஹுஸ்னா என்ற பெண், பாக்சிக், பாக்சிக் என்று சொந்தப் பெரியப்பாவைப் போல மரியாதையாகத்தான் கூப்பிட்டு, நெற்றி மின்னுகிறது, துடைத்துவிட்டு வாருங்கள் என்றாள். நான்கு முறை எடுத்தும் கருவி ஏற்கவில்லை. மற்ற பதினெட்டுப் பேருக்கும் மீனாட்சி ஏதோ எண்ணெய் சொல்லி அழிக்க வைத்திருக்கிறாள், எனக்கு மட்டும் சொல்லாமல் போய்விட்டாள். என்ன எண்ணெய் என்று கேட்டு வைக்கவும். அவளை அனுப்ப வேண்டாம், வெள்ளிக்கிழமை நானே வருகிறேன். சன்னலோர இருக்கை அவளுக்குத்தான் என்று சொல்லுங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொள்வேன்.