குட்டைக் கம்பு நீளமான வரலாறு

மனிதகுலத்தின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். அவர்கள் பாவம், சமூக உளவியல் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் முதல் வரிசையில்.

எங்களுடையது எடை அளவு ஆய்வு அலுவலகம். கடைத்தெருத் தராசுகளையும் துணிக்கடை மீட்டர் கம்புகளையும் சோதித்து முத்திரை குத்துவது எங்கள் திருப்பணி. நான் அங்கே கண்காணிப்பாளர். அளப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை, குறிப்பாக டீ நேரத்தில்.

ஊழியர்களை 'மேம்படுத்த' மேலிடம் ஒரு பேராசிரியரை அனுப்பியது. பொருள், 'சமூக உளவியல்: ஓர் அறிமுகம்'. உளவியல் என்றால் உளவு பார்க்கும் இயல் என்று அஞ்சிப் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டார்கள்.

"தனியா இருக்கற மனுஷன் தன் கண்ணை நம்புவான். கூட்டத்துல இருக்கறவன் பக்கத்துல இருக்கறவன் முகத்தை நம்புவான்" என்றார் பேராசிரியர்.

இதைக் குறித்துக்கொள்ள வேண்டுமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கணக்கர் பேனாவைத் திறந்தார். எல்லோரும் திறந்தோம்.

பிறகு பேராசிரியர், சோதனைக்கு வந்திருந்த மீட்டர் கம்புகளில் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று சிவப்பு, மற்றது நீலம். நீலம் ஒரு சாண் குட்டை. அரைக்கண்ணால் பார்த்தாலே தெரியும்.

"வெளியில இருந்து ஒருத்தரைக் கூப்பிடுவோம். நீங்க எல்லாரும் நீலம்தான் நீளம்னு அடிச்சுச் சொல்லணும். அவங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

முத்திரைப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டோம். சேர்ந்து கொஞ்ச நாள்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அலுவலகத்தில் அவள் பெயர் 'புதுசு'. வரிசையாக எல்லோரும் "நீலம்தான் நீளம்" என்றோம். நாக்குச் சுளுக்காமல் சொன்னதே ஒரு சாதனை.

புதுசு கம்புகளைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"சிவப்புதான் சார் நீளம். எல்லாருக்கும் கண்ணுல ஏதாவது பிரச்சனையா?"

பேராசிரியர் பூரித்துப்போய், 'இது வெறும் சோதனை' என்று விளக்க வாயைத் திறந்தார். அந்தச் சமயம் பார்த்து எங்கள் மேலதிகாரி உள்ளே நுழைந்தார்.

"என்ன நடக்குது?"

"எது நீளம்னு பாக்கறோம் சார்" என்றேன்.

"எல்லாரும் என்ன சொல்றாங்க?"

"நீலம்னு சொல்றாங்க சார்."

அவர் கம்புகளைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுல என்ன சந்தேகம்? நீலம்தான்" என்றார்.

'இது விளையாட்டு சார்' என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாராவது சொல்வார்கள் என்றுதான் ஒவ்வொருவரும் காத்திருந்தோம். பேராசிரியருக்கோ அடுத்த வகுப்புக்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டியிருந்தது. திறந்த வாயை அவர் கொட்டாவியாக மாற்றி மூடிக்கொண்டார்.

"அளந்து பாத்துடலாமே சார், டேப் இங்கேயே இருக்கு" என்றாள் புதுசு.

"அளக்கறதா? இத்தனை பேர் சொன்ன பிறகும் அளந்தா, நம்ம ஆபீஸ் மேலயே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடாதா?" என்றார் மேலதிகாரி.

மாலைக்குள் அவளுக்கு மெமோ போனது. 'நீளமானதைக் குட்டையெனக் கூறி அலுவலக ஒருமைப்பாட்டுக்குக் குந்தகம் விளைவித்தது ஏன்?' நடை என்னுடையது. விசாரணை அதிகாரியும் நானே.

விசாரணைக்கு முந்தைய நாள் தண்ணீர்க் குழாயருகே அவளைத் தனியாகப் பிடித்தேன். நானும் பெண்ணைப் பெற்றவன்தானே.

"நீ சொன்னதுதாம்மா சரி. ஆனா நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவள் சிரித்துவிட்டாள். "காலைல கணக்கர் அண்ணன் இதையேதான் சொன்னார் சார். டைப்பிஸ்ட் அக்கா மாடிப்படியில நிறுத்திச் சொன்னாங்க. டிரைவர் ஹாரன் அடிச்சுக் கூப்பிட்டுச் சொன்னார். பெரியவர் போன் பண்ணிச் சொன்னார்."

"மேலதிகாரியா?"

"ஆமா. 'எனக்கும் தெரியும்மா, ஆனா இத்தனை பேர் சொல்லும்போது நான் மட்டும் எப்படி மாத்திச் சொல்றது'ன்னார்." அவள் சிரிப்பு நின்றது. "எல்லாருமே என் பக்கம்தானே சார்? நாளைக்கு ஒரே ஒருத்தர் வாயைத் திறந்தாப் போதும். இந்த வேலையை நம்பித்தான் தம்பியைக் காலேஜ்ல சேத்திருக்கேன்."

"கண்டிப்பா யாராவது திறப்பாங்கம்மா" என்று மனமார உறுதியளித்தேன்.

மறுநாள் அறை நிரம்பி வழிந்தது. "நீலமே நீளம் என்போர் கை தூக்கலாம்" என்றேன். கைகள் பாதி உயர்ந்து, அக்கம்பக்கம் பார்த்து, பிறகு முழுதாக உயர்ந்தன. டைப்பிஸ்ட் அக்கா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையைத் தூக்கினார். 'குழு ஒற்றுமைக்கு அரிய எடுத்துக்காட்டு' என்று பேராசிரியர் புல்லரித்தார். வேலைநீக்க உத்தரவில் நானே கையெழுத்திட்டேன். புதுசு டேப்பை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "வரேன் சார்" என்று போய்விட்டாள். வாசல்வரை போய் வழியனுப்பலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. யாரும் முதலில் எழுந்திருக்கவில்லை.

நீலம் நீளம் என்றான பிறகு அதுதானே சரியான மீட்டர்? அதை வைத்தே கடைத்தெருக் கம்புகளுக்கெல்லாம் முத்திரை குத்தினோம். துணிக்கடைக்காரர்கள் எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சட்டை பற்றாமல் போனவர்கள், தங்களுக்குத்தான் உடம்பு வைத்துவிட்டது என்று காலையில் நடக்கத் தொடங்கினார்கள். சமூக உளவியலால் ஊரே ஆரோக்கியமடைந்தது.

என் வீட்டு ஜன்னல் மட்டும் அடம்பிடித்தது. எந்தத் திரை வாங்கினாலும் கீழே ஒரு சாண் தெரு தெரிந்தது.

"சரியா அளந்து தர்ற கடை ஒண்ணு சந்துக்குள்ள இருக்காம். ஆபீஸ் பெருமையெல்லாம் வாசல்ல விட்டுட்டு அங்க போய் வாங்கிட்டு வாங்க" என்றாள் மனைவி.

போனேன். கல்லாவுக்குப் பின்னால் கத்தரிக்கோலும் கையுமாகப் புதுசு! எங்கள் முத்திரையில்லாத கம்பால் அளந்து விற்றுக்கொண்டிருந்தாள். சட்டப்படி பார்த்தால் அங்கேயே வழக்குப் போட வேண்டியவன் நான். ஆனால் எனக்கு முன்னால் நின்ற வரிசையில் கணக்கர் சுவரைப் பார்த்தபடி நின்றார். டைப்பிஸ்ட் அக்கா முகத்தைக் குடையால் மறைத்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரோ போல நின்றவர் எங்கள் மேலதிகாரி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அலுவலக நாகரிகம் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் முறை வந்தது.

"தம்பி படிக்கிறானாம்மா?" என்றேன் குரலில் ஈரம் வரவழைத்துக்கொண்டு.

"படிக்கிறான் சார். உங்களுக்குச் சரியான அளவா, ஆபீஸ் அளவா?"

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன். "சரியான அளவுதாம்மா. கொஞ்சம் மெதுவாப் பேசேன்."

அவள் துணியை இழுத்து வைத்து, அளந்து வெட்டினாள்.

"பயப்படாதீங்க சார். உங்க ஆபீஸ்லேர்ந்து வந்தவங்க ஒருத்தர்கூட, தன் வீட்டுக்குன்னு வரும்போது, ஆபீஸ் அளவு கேட்டதில்லை."