பணி நேரத்தில் தூங்கிய புழுக்கள்

பட்டுப்புழு வளர்ப்போர் அனைவரும், தத்தம் புழுக்கள் நல்லொழுக்கம் உடையவை என்று ஆய்வாளரிடம் சான்று பெற்ற பிறகே கூடுகளை விற்கலாம் என மேலிடத்து உத்தரவு வந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. புழுவென்றால் ஒழுக்கம் வேண்டாமா என்ன?

என் அக்கா வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கூடு விற்றால்தான் புதுக் கூரை. ஆய்வாளர் வரும் அன்று தட்டுகளையெல்லாம் சுத்தம் செய்து காத்திருந்தாள். அவர் வந்தார், குனிந்தார். ஒரு புழுவும் அசையவில்லை.

"என்னம்மா, பதினொரு மணிக்கு எல்லாம் தூங்குது?"

"தோலுரிக்கப் போகுதுங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் இப்படித்தான் படுத்துக்கும்."

"பணி நேரத்துலயா? முன் அனுமதி வாங்குச்சா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

இருபதாயிரம் புழுக்களுக்கும் பொதுவாக, விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அக்கா பதில் எழுதிக்கொண்டு போவதற்குள் அவை கூடு கட்டி உள்ளே போய்விட்டன.

"பதில்ல புழுவோட கைநாட்டு இல்லையே. நேர்ல வரச் சொல்லுங்க."

"எல்லாம் கூட்டுக்குள்ள இருக்குதுங்க. ஒரு வாரத்துல அந்துப்பூச்சியா ஓட்டை போட்டுட்டு வெளிய வந்துரும். நூல் அறுந்துட்டா ஒருத்தரும் வாங்க மாட்டாங்கய்யா. கையெழுத்துப் போடுங்க!" அக்கா பேனாவை அவர் பக்கம் நீட்டினாள்.

"அதாவது, விசாரணைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கிச்சு. எழுதிக்கிறேன்."

கோப்பு மேலே போயிற்று, கீழே வந்தது. எட்டாம் நாள் அக்கா ஓட்டைக் கூடுகளைக் கூடையோடு அள்ளி அவர் மேசைமேல் கவிழ்த்தாள். கூடவே வந்த அந்துப்பூச்சிகள் கோப்புகள்மேல் முட்டையிட ஆரம்பித்தன.

ஆய்வாளர் பதறவில்லை. "இதுங்க என்ன சாப்பிடும்?"

"ஒண்ணும் சாப்பிடாது. வாயே வேலை செய்யாது. முட்டை போட்டுட்டுச் செத்துரும்."

"வாயே வேலை செய்யாதா!" மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். இருபது வருடப் பணியில் இப்படியொரு நல்லொழுக்கத்தைக் கண்டதில்லையாம். அங்கேயே முத்திரை குத்திச் சான்றைக் கையில் கொடுத்தார்.

அக்கா வெளியே வந்து அழுதாள். வாசலில், தெருவில் புழு வளர்க்கும் நாங்கள் நாற்பது பேர் கூடையும் கையுமாக வரிசையில் நின்றிருந்தோம்.

"இது என்ன நியாயம்னு யாராவது கேளுங்களேன்!" என்றாள்.

என் கோப்பும் உள்ளேதான் இருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மறுவாரம் எங்கள் நாற்பது பேருக்கும், தனித்தனி உறையில், முத்திரையோடு, கேட்காமலே, எங்கள் பெயரிலேயே நல்லொழுக்கச் சான்று வந்து சேர்ந்தது.