‘எடுத்துடு’ என்று ஏஐயிடம் சொன்னேன்

மென்பொருளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய நிம்மதி உண்டு. எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள். வாங்கினவர் நேராகப் பொத்தானை அழுத்துவார், வேலை செய்யாவிட்டால் நம்மைத் திட்டுவார், அவ்வளவுதான். இந்த நம்பிக்கையில் பல வருடம் கௌரவமாகப் பிழைத்து வந்தேன்.

பிறகு ஏஐ வந்தது. அது படித்தது.

வேங்கிக்காலில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு பெங்களூரு நிறுவனத்துக்கு எழுதுகிறேன். கல்யாணம், திருவிழாவையெல்லாம் நேரலையில் காட்டும் வீடியோக்காரர்களுக்கான மென்பொருள் அது. எப்போது எந்தக் கேமராவைக் காட்டுவது என்பதை ஏஐயே முடிவு செய்யும். காட்சியை மாற்ற ஒரு கருவி, ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒன்று, நடந்ததை மறுபடி காட்ட ஒன்று என்று அதன் கையில் கொடுத்திருப்பார்கள். எந்தக் கருவியை எப்போது பயன்படுத்த வேண்டும் என்று தமிழில் எழுதுவது நான். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வது ஏஐ. (என் வீட்டில் இந்த மரியாதையை எனக்கு யாரும் கொடுத்ததில்லை.)

என் தங்கை சுகன்யாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை பிரபாகர் வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம். நிச்சயதார்த்தம் அங்கேயே ஒரு மண்டபத்தில். குவைத்தில் இருக்கும் எங்கள் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன்.

“கவலைப்படாதம்மா. நானே லைவ் போட்றேன். ஏஐ பாத்துக்கும்.”

“வீடியோக்காரர் கிட்டயே சொல்லிடலாமேம்மா” என்றார் அப்பா.

“அவருக்கு இதெல்லாம் தெரியாதுப்பா.”

இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

மேடைக்கு ஒரு கேமரா, வாசலுக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று. மேடையை ஒட்டிய அறையில் லேப்டாப்போடு நான். மண்டபத்தில் பெரிய திரை வேறு. அண்ணன் பார்ப்பதை ஊரே பார்க்கலாம். ஆரம்பம் பிரமாதம். தட்டுவரிசை வந்தபோது ஏஐ வாசலைக் காட்டியது, சுகன்யா நடந்து வந்தபோது மேடைக்கு மாறியது. மாப்பிள்ளையின் அம்மாவே எட்டிப் பார்த்து, “நல்லா பண்றியேம்மா” என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

லக்னப் பத்திரிகை வாசிக்கும் நேரம். மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள். ஐயர் கண்ணாடியைத் தேடினார். மண்டபமே அமைதியாக இருந்தது. அப்போது பார்த்து என் கணவர் போண்டாத் தட்டோடு அறைக்குள் வந்தார்.

ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சொன்னேன்: “ஏங்க, மாப்பிள்ளய பாத்தீங்களா? ஃபோட்டோல எவ்ளோ முடி இருந்துச்சு! நேர்ல ரொம்ப கம்மியா இருக்கே. முன்னாடி லைட்டு பட்டு மின்னுது பாருங்க.”

அவர் கதவு வழியாகப் பெரிய திரையையே பார்த்தார். திரையில் நான் இருந்தேன், ஒரு பக்கக் கன்னம் உப்பி.

முந்தின நாள் சோதனைக்காக லேப்டாப்பின் கேமராவையும் ஒரு காட்சியாகச் சேர்த்துவிட்டு, நீக்க மறந்திருக்கிறேன். குறிப்பில் என் வரி இது: ‘மற்ற இடங்களில் அமைதி நிலவினால், பேச்சு கேட்கும் காட்சிக்கு மாற்றவும்.’ மாற்றியிருக்கிறது.

பதறிப்போய், “இப்ப நடந்தத எடுத்துடு” என்று ஏஐக்குத் தட்டினேன். அழித்துவிடு என்றுதான் அர்த்தம். ஆனால் மறுபடி காட்டும் கருவிக்கு நான் எழுதியிருந்தது: ‘நடந்ததை எடுக்கச் சொன்னால், அதைப் பதிவு செய்து மெதுவான வேகத்தில் மீண்டும் காட்டவும்.’

காட்டியது. ‘மறக்க முடியாத தருணம்’ என்ற தலைப்போடு, ஓரத்தில் பூ உதிர. போண்டா என் வாய்க்குள் ஆடி அசைந்து சுழல, “முடீ... கம்ம்ம்மியா...” என்று என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

கணவர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். (லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. முழுசாக ஓடி முடிந்தது.)

வெளியே வந்தேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அப்பா தலை குனிந்திருந்தார். பிரபாகரின் கை தானாகத் தலைக்குப் போனது. கல்யாணமே என்னால் நின்றுவிடப் போகிறது என்று நினைத்தேன். மேடையேறி மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நின்றேன்.

“மன்னிச்சிடுங்க அத்தை. வாய் தவறிடுச்சு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்து, “அந்தப் பொண்ணு ஒண்ணும் பொய் சொல்லல. காலேஜ் படிக்க சொல்ல எடுத்த ஃபோட்டோவ குடுத்தது நாந்தான்” என்றார்.

“அப்பவே வேணாம்னு சொன்னேன்லம்மா” என்று முணுமுணுத்தார் பிரபாகர்.

சுகன்யா மட்டும் என்னை முறைத்தாள். “அவரு மொதல் நாளே வீடியோ கால்ல எல்லாத்தையும் காட்டிட்டாரு. ஒன்ன யாருடி கேட்டா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மெல்ல முன்வரிசைவரை வந்தது. கண்ணாடி கிடைத்து ஐயர் பத்திரிகையை வாசித்தார். நான் மட்டும் அறைக்குள் போய், தாம்பூலம் கொடுக்கும்வரை வெளியே வரவில்லை.

கல்யாணத்துக்கு வீடியோக்காரரே வந்தார். கேமரா என் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் மெல்லுவதைக்கூட நிறுத்தினேன்.

தலை தீபாவளிக்குச் சுகன்யாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள், நேராகத் திருப்பதியிலிருந்து. பிரபாகர் மழமழவென்று மொட்டை. கதவைத் திறந்த அப்பா முதல் அடுப்படியிலிருந்து ஓடி வந்த அம்மாவரை, ஒருவர்கூட அவர் தலையைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி என் வாயைப் பார்த்தார்கள்.