ஆற்றங்கரையில் சாப்பிடாத அண்ணாச்சி

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில், ஆற்றங்கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்னப் பயந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் அக்கரை அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய கோப்புகளுக்கெல்லாம் அவர்தான் காவல். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் புழங்கி நான் பார்த்ததில்லை.

பதினெட்டாம் பெருக்குக்கு அலுவலகமே திரண்டு ஆற்றுக்குப் போவோம். நாங்கள் புளியோதரையைப் பிரிப்போம். அண்ணாச்சி மட்டும் ஒரு மருதமரத்துக்குப் பின்னால் பதுங்கி அக்கரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"எல்லாரும் எந்திரிங்கவே! அங்கன எவன் பீரங்கி வச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

"அங்கன ரெண்டு ஆடு மேயுது அண்ணாச்சி. வேற ஒண்ணும் இல்ல."

"அந்த ராஜாவும் அப்படித்தான்வே நெனைச்சான்!"

அந்த ராஜா வேறு தேசத்துக்காரர். அண்ணாச்சி எப்போதோ பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த இங்கிலீஷ் சரித்திரப் புத்தகம் வாங்கியிருந்தார். கரையான் முன்னேயும் பின்னேயும் தின்றுவிட்டு, நடுவில் ஒரே ஒரு சண்டையை மட்டும் அவருக்காக மிச்சம் வைத்திருந்தது. முன்னூறு வருஷத்துக்கு முந்தி, அயர்லாந்தில், பாய்ன் என்ற ஆற்றங்கரையில் நடந்த சண்டை. ஒரே சிம்மாசனத்துக்கு இரண்டு ராஜாக்கள் ஆளுக்கொரு கரையில் படையோடு நின்றார்களாம். சண்டைக்கு முதல்நாள் ஒரு ராஜா கரையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டு முடித்துக் குதிரையில் ஏறிய நேரம், அக்கரையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டு அவர் தோளை உரசிக்கொண்டு போயிருக்கிறது.

இத்தோடு நின்றிருந்தால் நாங்களும் சிரித்துவிட்டுப் போயிருப்போம். வினை அடுத்த பக்கத்தில் இருந்தது. குண்டு பட்ட ராஜா, எதிரே நின்ற ராஜாவுக்கு அக்கா மகன். அது போதாதென்று அவர் மகளையே கட்டிய மாப்பிள்ளை. மறுநாள் மருமகன் ராஜா ஆற்றைக் கடந்து வந்து ஜெயித்துவிட்டார். மாமனார் ராஜா குதிரையில் ஏறி ஓடியவர், அப்படியே கப்பலும் ஏறி நாட்டைவிட்டே போய்விட்டார். அதற்கு அடுத்த பக்கமெல்லாம் கரையான் வயிற்றில்.

அண்ணாச்சிக்கும் ஸ்ரீவைகுண்டத்தில் ஓர் அக்கா உண்டு. அக்காவுக்கு ஒரே மகன் சங்கரன், வாழை போட்டிருந்தான். அண்ணாச்சிக்கு ஒரே மகள் செல்வி. சின்ன வயதிலிருந்தே இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். அக்கா முறையாக வந்து பெண் கேட்டு மூன்று வருஷமாகியும் அண்ணாச்சி பிடி கொடுக்கவில்லை.

"அக்கா மகனுக்குப் பொண்ணக் குடுத்தா என்ன ஆகும்னு அச்சடிச்சே வச்சிருக்கான்வே. நான் தூத்துக்குடிக்குப் போயி எந்தக் கப்பல்ல ஏற?" என்பார். விளையாட்டில்லை, நிஜமாகவே பயந்தார்.

ஒருநாள் சங்கரன் மாமாவுக்காக ஆசையாக ஒரு கட்டு வாழையிலையைத் தலையில் சுமந்துகொண்டு அலுவலகத்துக்கு வந்துவிட்டான். புத்தகத்தில் மருமகன் ராஜாவின் படை, அடையாளத்துக்குத் தொப்பியில் பச்சை இலை செருகிக்கொண்டு வந்த படை. தலையில் பச்சையோடு வந்தவனைக் கண்டதும் அண்ணாச்சி பதிவறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"மாமா, வெறும் இலதான் மாமா!"

"தெரியும்லே! பைய இறக்கி வச்சிட்டு, அப்படியே பின்னால போ!"

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அடுத்த வாரம் செல்வி என்னைத் தேடி வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அத்தை முடிவாச் சொல்லிட்டாங்கண்ணே. தை பிறக்கதுக்குள்ள அப்பா சரின்னு சொல்லலேன்னா, அத்தானுக்கு வேற எடத்துல பாத்துருவாங்களாம்" என்றாள். கண் நிறைந்திருந்தது. எங்கோ ஒரு ஆற்றங்கரைச் சண்டை இங்கே இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையை விழுங்கிவிடுமோ என்று அன்றைக்குத்தான் எனக்கும் பயம் பிடித்தது.

மார்கழிக் கடைசியில் அக்காவே போன் பண்ணினாள். "ஏலே, ஞாயித்துக்கிழம ஸ்ரீவைகுண்டத்துல ஆத்தங்கரையில சோறு. செல்வியக் கூட்டிட்டு வந்து சேரு. வரலேன்னா எனக்குத் தம்பியே கிடையாது." அண்ணாச்சி பீரங்கியைவிட அக்காவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பயந்தவர். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மாமனார் ராஜாவின் படைக்கு அடையாளம் வெள்ளைக் காகிதமாம். அதில் ஒரு துண்டைச் சட்டைப்பையில் செருகியிருந்தார்.

அணைக்கட்டுக்குக் கீழே மணலில் ஜமுக்காளம் விரித்து அக்கா இலை போட்டிருந்தாள். சங்கரன் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தான். அண்ணாச்சி அவனைவிட்டு நாலடி தள்ளி, எந்த நேரமும் ஓடத் தயாராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அக்கரையில் உடைமரக்கூட்டத்துக்குள் ஏதோ அசைந்தது. அண்ணாச்சி கையிலிருந்த தயிர்ச்சோற்றை இலையிலேயே போட்டுவிட்டார். அவரைப் பார்க்கப் பார்க்க, சொன்னால் வெட்கம், நானும் ஆற்றைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன். செல்வி ஒரு பருக்கைகூட எடுக்காமல் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அக்கரையிலிருந்து 'டமார்' என்று ஒரு சத்தம்.

நான் அண்ணாச்சியைத்தான் பார்த்தேன். எந்தத் திசையில் ஓடப்போகிறாரோ, எப்படிப் பிடிப்பதோ என்று எழுந்தேவிட்டேன். அவர் ஓடவில்லை. நாலடியையும் ஒரே பாய்ச்சலில் தாண்டி, "ஏலே, குனிலே!" என்று அலறிக்கொண்டு சங்கரன் மேல் விழுந்தார். அவனை மணலில் அமுக்கி, அந்த ஒல்லி உடம்பை மேலே போட்டுப் போர்த்திக்கொண்டார். சாம்பார் வாளி உருண்டு தண்ணீருக்குள் போய் நின்றது.

"எங்கனலே பட்டுச்சு? தோள்லயா? தோளக் காட்டுலே!"

"மாமா, அது வேட்டு மாமா. அக்கரைக் கோயில்ல கொடைத் திருவிழா."

அண்ணாச்சி நம்பவில்லை. மருமகனின் இரண்டு தோளையும் மாறிமாறித் தடவிப் பார்த்தார்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "கிறுக்குப் பயலே, இவனுக்காலே மூணு வருசமாப் பொண்ணு தரமாட்டேன்னு நின்னே?"

"தோள்லதான்க்கா படும். புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். செல்வியும் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. வேட்டுப் போட்டவன் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி சங்கரனை ஒருமுறை அமுக்கினார்.

கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு, "தையிலயே வச்சுக்கோ. ஆனா பந்தி ஆத்தங்கரையில கிடையாது, சொல்லிட்டேன்" என்றார்.

ஓய்வு பெற்றபின் அண்ணாச்சி மகளோடு ஸ்ரீவைகுண்டத்திலேயே இருக்கிறார். போன மாதம் போயிருந்தேன். சங்கரனின் வாழைத்தோட்டத்தில், ஆற்றோரம் இலை போட்டார்கள். அண்ணாச்சி வந்து மருமகனுக்கும் ஆற்றுக்கும் நடுவில், அக்கரையைப் பார்த்து உட்கார்ந்தார். தினமும் அங்கேதான் உட்காருவாராம். பிறகு என்னைப் பார்த்து, "வே, நீரு ஏன் அங்கன தனியா இருக்கீரு? இங்கன, எனக்குப் பின்னால வாரும்" என்றார்.

நானும் இலையைத் தூக்கிக்கொண்டு அந்த ஒல்லி முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.